பூஜ்யம் டிகிரியில் ஒரு கணவாய்ப் பெட்டி

அறியாத பெயர் ஒன்று எதிரே வந்தால் முகம் சுளிக்காமல், கேள்வி கேட்காமல் வழியனுப்பிவிடும் பண்பு உலகில் இருவருக்கே வாய்த்திருக்கிறது. ஒருவர், எங்கள் நிறுவனத்தின் மென்பொருள். மற்றவர், அதை எழுதிய நான்.

தூத்துக்குடி பாளையங்கோட்டை சாலையில் இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். துறைமுகத்தை ஒட்டிய கண்டெய்னர் யார்டு ஒன்றுக்கு மென்பொருள் எழுதித் தருகிறோம். ஒவ்வொரு பெட்டியின் விவரத்தையும் கப்பல் ஏஜென்சி ஜேசன் என்ற கணினி வடிவில் அனுப்பும். பெரிய வித்தையில்லை, ஒரு பெயர், அதற்கொரு மதிப்பு என்று ஜோடி ஜோடியாக வரும். எங்கள் நிரல் அந்தப் பெயரைத் தன்னிடமுள்ள பெயர்களோடு ஒப்பிடும். பொருந்தினால் மதிப்பை வாங்கி வைத்துக்கொள்ளும். பொருந்தாவிட்டால்? அங்கேதான் அதன் மேன்மை. பிழை என்று அலறாது. வந்த மதிப்பைக் கீழே போட்டுவிட்டு, எண் இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யத்தை வைத்துவிட்டு அமைதியாகிவிடும். என் குணம் இவ்வளவு துல்லியமாக அதில் படிந்திருப்பதை எண்ணிப் பல மாலைகள் ஜன்னலோரம் பேசாமல் நின்றிருக்கிறேன்.

குளிர்ப் பெட்டிகளின் வெப்பநிலையை இதுவரை 'செட்பாயின்ட்' என்ற பெயரில் அனுப்பினோம், ஒன்றாம் தேதி முதல் 'ரெக்டெம்ப்' என்று அனுப்புவோம் என ஏஜென்சியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எனக்குத்தான் வந்தது. செய்யவேண்டியது ஒரு வரி. எங்கள் 'செட்பாயின்ட்'டின் தலைக்கு மேல், இவருக்கு வெளியே ரெக்டெம்ப் என்று பெயர் என நிரலுக்குச் சொல்லும் ஒரே வரி.

ஒரு வரியை உடனே எழுதிவிடுவது அற்பர்களின் வேலை. ஆகவே 'பெயர் ஒத்திசைவுக் குழு' அமைக்கப்பட்டது. முதல் கூட்டத்தில் மேலாளர் சிவசுப்பிரமணியன், நம் பெயரை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது, அவர்கள்தான் மாற்றவேண்டும் என்றார். இரண்டாவதில், சோதனைப் பிரிவு ஜெயபிரியா இரு தரப்புக்கும் பொதுவாக மூன்றாவது பெயர் ஒன்று தேவை என்றார். மூன்றாவது கூட்டத்தில் அதற்கு நான்கு பெயர்கள் வந்தன, வடையும் வந்தது. மூன்றிலும் நான் வாய் திறக்கவில்லை. 'ஆழ்ந்த பரிசீலனையில் இருந்தார்' என்று குறிப்பேட்டில் ஏறியிருக்கிறது. மேசைக்கடியில் நாவல் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றாம் தேதியோ குழுவின் முடிவுக்குக் காத்திராமல் வந்துவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. யார்டில் குளிர்ப் பெட்டிகளைக் கவனிக்கும் வீரபாகு போன் செய்தார்.

"சார், பெரியதாழைக்காரர் கிங்ஸ்டனோட பெட்டி வந்திருக்கு. உறைய வச்ச கணவாய் மீனு. வழக்கமா மைனஸ் பதினெட்டுல்லா வைப்போம். உங்க சீட்டுல ஜீரோன்னு இருக்கு."

எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததும், வழக்கப்படி, பின்விளைவைக் கணக்கிட்டேன். ஒத்துக்கொண்டால் நான்காவது கூட்டம் கூடும்; அதில் நான் பேசவேண்டியிருக்கும்.

"சிஸ்டம்ல என்ன இருக்கோ அத வைங்க அண்ணாச்சி."

"சிஸ்டம் கணவாய் திங்காதே சார்," என்றவர், சொன்னபடியே வைத்தார்.

திங்கட்கிழமை கிங்ஸ்டன் நேரே எங்கள் கூட்ட அறைக்கு வந்தார். தன் பெயரில் அவர் அனுப்பவிருந்த முதல் பெட்டி அது. பன்னிரண்டு வள்ளத்துக்காரர்கள் அவர் வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்த கணவாய். மூன்று நாளில் இளகிவிட்டது. கப்பலில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தார். அதிலிருந்து வடிந்த நீர் மெல்ல ஊர்ந்து குறிப்பேட்டை அடைந்தது.

மேலாளர் வெள்ளைப் பலகையில் படம் வரைந்து 'பெயர்ப் பொருத்தமின்மை'யை விளக்கினார். கிங்ஸ்டன் முழுவதையும் கேட்டார்.

"ஞானஸ்நானப் பேரு ஒண்ணு, ரேசன் கார்டுல ஒண்ணு, கடக்கரையில பட்டப்பேரு ஒண்ணுன்னு எங்கூர்ல எல்லாருக்கும் மூணு பேரு சார். தெரியாத பேரச் சொல்லி ஆள் தேடி வந்தா, யாரு மவன், எந்த வள்ளம்னு கேப்போம். அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்லன்னு திருப்பி அனுப்ப மாட்டோம்."

"உங்க பட்டப்பேரு என்ன?" ஜெயபிரியா ஆர்வமாகக் கேட்டார்.

"போன மாசத்துலருந்து 'எக்ஸ்போர்ட்டு'. இன்னைக்கு மாத்திருப்பானுவ."

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. சரக்கு நன்றாக இருந்தது, தவறு இன்னாருடையது என்று பெயர் போட்டு ஒரு கடிதம். அதைக் காட்டினால், சரக்கை வாங்கவிருந்த இத்தாலிக்காரர் இன்னொரு பெட்டிக்குச் சம்மதிப்பார். வள்ளத்துக்காரர்கள் முகத்தில் விழிக்கலாம்.

"வீரபாகு அண்ணாச்சி போன் போட்டுக் கேட்டாராமே. எடுத்தது யாரு?"

என் வாழ்நாளில் நான் ரசித்த மௌனங்களில் அதுவே நீளமானது. விசாரித்து எழுதுகிறோம் என்று மேலாளர் அவரை அனுப்பிவைத்தார்.

அன்று மதியமே அந்த வரியை எழுதினேன். இருபது வினாடி ஆயிற்று. 'துரித நடவடிக்கை'க்காகக் குழு என்னைப் பாராட்டித் தீர்மானம் போட்டது.

யார்டின் விசாரணை அறிக்கை நேற்று வந்தது. அதுவும் ஜேசன்தான். பொறுப்பானவர் யார் என்ற கட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் வேறு, நாங்கள் வைத்த பெயர் வேறு. எங்கள் திரையில் அந்தக் கட்டம் காலியாகத் தெரிகிறது. யார் மீதும் தவறில்லை என்று அறிக்கையே சொல்லிவிட்டதாக மேலாளர் மகிழ்ந்து, கிங்ஸ்டனுக்கு அப்படியே கடிதம் எழுதச் சொன்னார். என்னைத்தான்.

ஒரு வரி சேர்த்தால் போதும். அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் வந்து உட்காரும். எந்தப் பெயர் என்று எனக்குத் தெரியும்.

ஆழ்ந்த பரிசீலனையில் இருக்கிறேன்.