பார்க்கலாம் லோபேயின் சட்டை

இந்தப் பூமியில் 'பார்க்கலாம்' ஆசாமி என்றோர் இனம் இருக்கிறது. எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், ஒரே மனிதர் மிக நீண்ட காலம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத தேசங்களில்தான் இது கொழுகொழுவென்று வளரும். எங்கள் டுவாலா நகரத்தில் மழைக்குக் காளான் முளைப்பதுபோல முளைத்துக் கிடக்கிறது.

அடையாளம் சொல்கிறேன். பீர்க் கடையில் யாராவது அரசியல் பேச ஆரம்பித்ததும் எவருடைய புட்டி வாயை விட்டு இறங்குவதில்லையோ அவர்தான். நகைச்சுவைக்கு எல்லோரும் சிரித்து முடித்து, யார் யார் சிரித்தார்கள் என்று பார்த்துவிட்டு, கடைசியில் சிரிப்பார். மீன் நன்றாக வெந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து மேசைக்காரர் முகத்தைப் பார்ப்பார். "பார்க்கலாம்" என்பார். மீன் அவர் வாயில்தான் இருக்கும்.

எங்கள் பேட்டை லோபே இந்த இனத்தின் சிகரம். சந்தையில் பூட்டுக் கடை வைத்திருக்கிறார். பொருத்தமான வியாபாரம்தான்.

நாட்டை ஆளும் பெரியவர் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் மாதக்கணக்காகியும் திரும்பாத சமயத்தில், எயெங்கா என்ற பெண் பதிவுக் கருவியும் கையுமாக எங்கள் பேட்டையில் வந்து இறங்கினாள். தலைநகரில் பல்கலைக்கழகப் படிப்பு. சாதாரண ஜனங்கள் பெரியவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப் பதிந்துவைக்கிறாளாம், வருங்காலத்துக்காக. பாவம், சின்னப் பெண். எங்களிடம் போய் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால்?

"மாமா, பெரியவருக்கு உடம்பு சரியில்லாம இருக்கே, நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"இந்தப் பூட்டு இருக்கே, இது மழையில துருப்பிடிக்காது" என்றார் லோபே.

"பூட்டைக் கேக்கல மாமா."

"தெரியும்மா. அதனாலதான் பூட்டைப் பத்திச் சொல்றேன்."

அவள் கருவியில் அதுவரை சேர்ந்திருந்தவை இருமல்கள், வானிலை அறிக்கைகள், "நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்ற பல குரல்கள், ஒரு சேவல். சேவல் மட்டும்தான் தயங்காமல் பேசியிருந்தது.

இனி துணிக் கதைக்கு வருகிறேன். வருஷா வருஷம் கட்சி விழாவுக்கு வீட்டுக்கொரு துணி தருவார்கள். அதில் பெரியவரின் முகம் தட்டு அளவுக்கு அச்சாகியிருக்கும். முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்த நாளில் எடுத்த படம், தலைமுடியெல்லாம் கறுப்பு. நாங்கள் கிழடாகிக்கொண்டே போகிறோம். துணிக்கு மட்டும் வயதாவதில்லை. ஒவ்வொரு வருஷமும் ஓரக்கரைக்கு ஒரு நிறம் என்பதால் போன வருஷத்துத் துணியில் தைத்துக்கொண்டு வந்து ஏமாற்ற முடியாது. கட்சியின் பேட்டைத் தலைவி மதாம் பிலோவா அதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். சந்தையில் யாருக்கு எந்தக் கடை என்று முடிவு செய்பவரும் அவரே. சென்ற வருஷம் ஒரு வெங்காயக்காரர் இந்தத் துணியில் தைத்த கால்சட்டையில் பெரியவர் முகத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இப்போது அந்த இடத்தில் வேறொருவர் வெங்காயம் விற்கிறார்.

தையல்காரர் சாலி, வாடிக்கையாளர் வாய் திறப்பதற்கு முன்பே கேட்பார்: "பெரியவரை எங்கே வைக்கட்டும்? நெஞ்சுலயா, முதுகுலயா?" லோபேயின் பதில் உங்களுக்குத் தெரியும். அதனால் அவர் சட்டையில் முன்னாலும் ஒன்று, பின்னாலும் ஒன்று.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வானொலியில் செய்திக்குப் பதிலாக மாதாகோவில் இசை வந்தது. மெதுவான இசை. நிற்கவேயில்லை. சந்தையில் பேச்சு அடங்கியது. பொரித்த மாவு உருண்டையும் அவரை விதைக் கறியும் விற்கிற பெண் கரண்டியைக் கீழே வைத்தாள். பெரியவர் போய்விட்டார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அன்று லோபே என்ற மனிதர் மலர்ந்தார், வாசகர்களே. கடையைச் சீக்கிரம் சாத்தினார். வழியில் எயெங்காவைப் பிடித்தார்.

"திங்கக்கிழமை வாம்மா. மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டிடறேன். அந்த மெஷினுக்கு இடம் பத்துமான்னு பாத்துக்கோ."

வீட்டில் அவர் மனைவி பெலிசித்தே நெடுங்காலமாக ஓர் ஏக்கத்தை நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தாள். அந்தச் சட்டை நல்ல பருத்தி. நாற்காலி மெத்தைகளுக்கு உறை கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கிறது. அன்றும் கேட்டாள்.

"அதை வெட்டிக்கவா, ஜோசுவே அப்பா?"

கல்யாணமான நாள் முதல் அவள் கேட்காத ஒரு வார்த்தை அன்று அவர் வாயிலிருந்து வந்தது.

"வெட்டு."

பெலிசித்தேயின் கண்கள் கலங்கின. தன் புருஷனுக்கு ஒரு முடிவெடுக்கத் தெரியும் என்பதை அந்த நாளில்தான் அறிந்தாள். கத்தரி துணியில் இறங்கிய சத்தம் அவளுக்குக் கல்யாண மேளம்போல ஒலித்தது.

வியாழக்கிழமை வானொலி அறிவித்தது: பெரியவர் பூரண சுகம், சனிக்கிழமை விமானத்தில் வருகிறார். செவ்வாய்க்கிழமை இசைக்கும் விளக்கம் சொன்னார்கள். செய்தி வாசிப்பவர் மழையில் மாட்டிக்கொண்டாராம்.

மதாம் பிலோவாவின் ஒலிபெருக்கி தெருத்தெருவாக வந்தது. "எல்லாரும் சனிக்கிழமை விமான நிலைய ரோட்டுல நிக்கணும். இந்த வருஷத்துத் துணியிலதான் வரணும். வராதவங்க கடையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

லோபே நான்கு மெத்தைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றிலிருந்தும் பெரியவரின் ஒரு பாகம் அவரைப் பார்த்தது.

"நீதானே வெட்டுனே" என்றார்.

"நீங்கதானே வெட்டுன்னீங்க. ஒரே ஒரு நாள் ஆம்பளையா இருந்தீங்க, அதுவும் தப்பான நாளாப் போச்சு."

"கடை போயிடும் பெலிசித்தே. சோத்துக்கு என்ன பண்ணுவோம்?"

"பார்க்கலாம்" என்றாள் அவள்.

சாலியின் கடைக்கு ஓடினார்கள். வாசலில் பெருங்கூட்டம். எல்லோர் கையிலும் மூட்டை. எல்லோரும் மூட்டையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

"பொத்தான் அறுந்துபோச்சு" என்றார் லோபே, யாரும் கேட்காமலேயே.

"எனக்கும் பொத்தான்தான்" என்றார் ரொட்டிக்காரர்.

"இன்னிக்கு ஊர்ல பொத்தானுக்கே ஆகாத நாள் போல" என்றார் சாலி, தலையைத் தூக்காமல்.

முறை வருவதாக இல்லை. பெலிசித்தே வீட்டிலேயே மெத்தை உறைகளைப் பிரித்து, கையால் ஒட்டுப்போட்டுச் சட்டையாக்கினாள். அழுதுகொண்டே தைத்தாள். கண்ணீர் மறைத்ததால் எந்தத் துண்டு எது என்று சரியாகத் தெரியவில்லை. முடித்து உதறியபோது, முன்பக்கத்துப் பெரியவருக்கு மூக்குக்கு மேலே வாய்.

"தூரத்துலேர்ந்து பாத்தா தெரியாது" என்றாள்.

சனிக்கிழமை வெயிலில் லோபே கைகளை மார்பில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். வரிசையைச் சரிபார்த்தபடி மதாம் பிலோவா வந்தார். ஒவ்வொரு நெஞ்சாக நின்று பார்த்து வந்தார். கடை, பூட்டுகள், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் லோபேயின் கண்முன்னே வரிசையாக விடைபெற்றுக்கொண்டு போயின.

"கையை இறக்குங்க லோபே."

இறக்கினார். மதாம் பார்த்தார். வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல் லோபேயும் மதாமின் நெஞ்சைப் பார்த்தார். அங்கே நடுவில் பொடித் தையல் ஒன்று ஓடியது. அதற்கு இரண்டு பக்கமும் பெரியவர் இருந்தார், இரண்டு இடது காதுகளுடன்.



"உடுப்பு நல்லா அமைஞ்சிருக்கு மதாம்" என்றார் லோபே.

"உங்களுதும்தான்" என்றார் மதாம். "பூட்டு வியாபாரம் எப்படிப் போகுது?"

அப்போதுதான் லோபே வரிசையைப் பார்த்தார். ரொட்டிக்காரரின் பெரியவருக்கு நெற்றியே இல்லை. மாவு உருண்டைக்காரியின் பெரியவருக்குக் கழுத்து தோள்பட்டையில். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒட்டுத் தையல். யாரும் யாருடைய உடையையும் பார்க்கவில்லை. கண்ணாடியெல்லாம் ஏற்றிய கறுப்புக் கார் ஒன்று விரைந்து போனது. உள்ளே யார் இருந்தார்கள் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. கைதட்டினோம்.

சாலையோரத்தில் எயெங்கா நின்றிருந்தாள். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு கருவியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

லோபே பதறிப்போனார். "திங்கக்கிழமை வரச் சொன்னேனே, என் கருத்து?"

"கிடைச்சிடுச்சு மாமா" என்றாள்.

கடை தப்பித்தது. மெத்தைகள் இன்றும் பஞ்சு தெரியக் கிடக்கின்றன. லோபே மறுபடியும் எல்லாவற்றுக்கும் பார்க்கலாம் என்கிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் சிரிப்பதற்கு முன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தீர்களே, அதை நான் கவனித்தேன். போகட்டும். உங்கள் அலமாரியிலும் எவருடைய முகமோ மடித்து வைத்த துணி ஒன்று இருக்கும். வெட்டுவதானால், எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.