சோல்ஜர் அண்ணையின் சார்ஜன்

ஊரில் ஆமிப் பட்டாளத்துக்குப் பயந்து கனடாவுக்கு ஓடிவந்த எங்கள் சனத்துக்குள், ஆமியைத் தன் அறைக்குள் வரிசையாக நிறுத்திவைத்து முகம் துடைத்துவிட்ட ஒரே ஆள் சோல்ஜர் அண்ணைதான். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், எங்கள் மாடியிலேயே இரண்டு கதவு தள்ளி இருந்தார். சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. விரல் நீளத்து ஈயப் பொம்மைகளை வாங்கி, பழைய காலத்து இங்கிலீசுப் பட்டாளமாகப் பெயின்ற் அடிப்பார்.

எண்பத்தைந்தில் முதன்முதல் அவரிடம் போனேன். ஜன்னலோரம் சின்ன லைற் வெளிச்சத்தில், சிவப்பு உடுப்போடு ஒரு உருவம் பீடத்தில் நின்றது. சாமி என்று நினைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டேன்.

"தம்பி, அது ஒரு கோப்ரல், பட்டாளத்தான்," என்றார். சிரிக்கவில்லை. "பெயின்ற் இன்னும் காயேல்லை. தொட்டுக் கண்ணில ஒத்திப்போடாதை."

எல்லாம் சிவப்புக் கோட்டுத்தானே என்று யாரும் சொன்னால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "சிவப்பைப் பாராதை. கழுத்துப் பட்டியையும் கைமடிப்பையும் பார். ராசாவின்ர படை எண்டு பேர் எடுத்ததுக்கு நீலம். மற்றதுகளுக்கு மஞ்சள், பச்சை. பொத்தான் ஒற்றையோ சோடியோ எண்டும் பார்க்கவேணும்." ஒரு கடைக் கண்ணாடிக்குள் நின்ற பொம்மைக்குக் கைமடிப்பு பிழை என்று, கடைக்காரன் அதை எடுத்து உள்ளே வைக்கும்வரை பனிக்குள் நின்றவர். எங்கள் கலியாணப் படத்தைக் கொடுத்தால், மாப்பிள்ளையை விட்டுவிட்டு பாண்ட் வாத்தியக்காரரின் பொத்தானைப் பார்த்தார். அவருடைய பெருமை எல்லாம் ஈட்டி பிடித்த ஒரு சார்ஜன் பொம்மை, கோப்ரலுக்கு மேல் பதவி. ஒரு மாரிகாலம் முழுக்க இருந்து செய்தது.

என் மனிசி அந்தப் பக்கமே போகமாட்டாள். "ஆமி நிக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டன்." அவளுடைய தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போனது. திரும்பி வரவில்லை. அவன் வாங்கிக்கொடுத்த சின்ன ஈய முருகனை வைத்துத்தான் நாங்கள் விளக்கேற்றினோம்.

கந்தசஷ்டி நெருங்கின நேரம் முருகன் தவறி விழுந்து, வேல் பிடித்த கை முறிந்து ஹீற்றர் இடுக்குக்குள் போய்த் தொலைந்துவிட்டது. பின்னமான உருவத்தைக் கும்பிடக்கூடாது, லேக் தண்ணியில விடுங்கோ என்று வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

"தம்பியையும் விட்டன். இதையும் விடவோ?" என்று கேட்டவள், பிறகு விளக்கும் ஏற்றவில்லை, ஒருவரோடும் பேசவுமில்லை.

முருகனைத் துணியில் சுற்றி சோல்ஜர் அண்ணையிடம் கொண்டுபோனேன். "வேல் அகலமோ, ஒடுக்கமோ? கையில காப்பு இருந்ததோ?" என்றார். நாள்தோறும் கும்பிட்ட நான் முழித்தேன். "மனிசியைக் கேட்டுக்கொண்டு வா. தெரியாமல் பிரஷ் வைக்கமாட்டன்."

கேட்டேன். கனநாளைக்குப் பிறகு வாய் திறந்தாள். "ஒடுக்கம். காப்பு இருந்தது, தங்கக் கலர்."

சூரன்போருக்கு முதல்நாள் முருகன் திரும்பி வந்தார். ஒட்டின அடையாளமே இல்லை. விளக்கு எரிந்தது. சஷ்டி முடிய, மோதகத்தோடு மனிசி தானே புறப்பட, நானும் பின்னால் போனேன். அவர் வாசலில் ஒருதரம் நின்று, பிறகு உள்ளே போனாள்.

ஜன்னலோரம் அந்தச் சார்ஜன் நின்றான். வலக்கையும் இல்லை, ஈட்டியும் இல்லை.

மனிசி மெதுவாகக் கேட்டாள், "அண்ணை, ஆமியின்ர கையோ?"

"அளவுக்கு வேற கை கிடைக்கேல்லைப் பிள்ளை. ஈட்டியை அராவித்தான் வேலாக்கினனான்." தலை குனிந்து நின்றார். "உவன் ஒருத்தரையும் சுடேல்லை. அதுக்கு நான் பொறுப்பு."

அவள் மோதகத் தட்டில் இருந்த செவ்வந்திப் பூவொன்றை எடுத்துச் சார்ஜனின் காலடியில் வைத்தாள்.

"பாத்துப் பிள்ளை, பெயின்ற்..." என்று தொடங்கினவர், சின்ன லைற்றைச் சார்ஜன் பக்கம் திருப்பிவிட்டார்.

புதுக் கை செய்து ஒட்டலாமே என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "வேண்டாம். இவனுக்கு இதுதான் சரி," என்றார்.

பொத்தான் ஒன்று பிழைத்தால் சாப்பாடு இறங்காத மனிதர், அந்தச் சார்ஜனை மட்டும் கடைசிவரை அப்படியே வைத்திருந்தார். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது, முருகனின் அந்தக் கையைப் பார்த்துத்தான் 'சோல்ஜர் அண்ணை' என்று சொல்லிக் கும்பிடுகிறோம்.