இல்ஃபோர்டுக்கு வந்த ஃபிரிட்ஜ் மாமி

லண்டனில் கை பார்த்துப் பலன் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், சாதகம் பார்த்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து முக்காலமும் சொல்லக்கூடிய ஒரே ஆள் எங்கள் ஃபிரிட்ஜ் மாமிதான். பொய்யென்றால் என் ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். மன்னாரில் பிறந்து, ஞாயிறு தவறாமல் மாதா கோவில் பூசைக்குப் போகிற நான், வட லண்டனில் ஒரு யூதத் தர்ம சம்மேளனத்தில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். ஏஜென்சிக்காரன் மூன்று மாத வேலை என்று சொல்லி அனுப்பினான். பதினொரு வருடம் ஓடிவிட்டது. சமூகத்தில் வசதியுள்ளவர்கள் கொடுக்கும் நன்கொடையெல்லாம் ஒரே பானையில் விழும். முதியோர் இல்லம், பள்ளிக்கூடம், இளைஞர் கழகம் என்று ஆளாளுக்கு விண்ணப்பம் போடுவார்கள். ஏழு பேர் கொண்ட ஒதுக்கீட்டுக் கமிட்டி மேசையைச் சுற்றி இருந்து, எவருக்குக் கொடுப்பது, எவருக்கு மறுப்பது என்று முடிவு செய்யும். கேட்பது எப்போதும் பானையை விடப் பெரிதாகவே இருக்கும். ஆகவே யாருக்காவது 'இல்லை' சொல்லியாக வேண்டும். அந்த 'இல்லை'யை எழுதுகிற பாவி நான்.

அந்த ஏழு பேரில் ஒருவர்தான் மாமி. எழுபத்தைந்தைத் தாண்டிய யூதப் பெண்மணி, ஓய்வுபெற்ற நர்ஸ். வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு மருந்து கட்டியவர்.

"எப்பிடி இருக்கிறியள் எண்டு கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கிறன் எண்டுதான் சொல்லுவினம். ஃபிரிட்ஜைத் திறந்தால்தான் உண்மை தெரியும்" என்பார்.

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அந்த அதட்டல் என் காதில் எங்கள் பக்கத்துத் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதுகிறேன், மன்னியுங்கள்.

பெயர் வைத்தவர் கணக்குப் பகுதி செந்தில், மதுரைக்காரர். மாமி படியேறும் சத்தம் கேட்டாலே, "அண்ணே, ஃபிரிட்ஜ் மாமி வர்றாங்க, லஞ்ச் பாக்ஸ ஒளிச்சு வைங்க!" என்று அலறுவார். ஒருநாள் மாமி அலுவலக ஃபிரிட்ஜைத் திறந்து, செந்திலின் டப்பாவைத் தூக்கிப் பார்த்து, "மூண்டு நாளா இதே வெள்ளைச் சோறு. மனுசி கோவிச்சுக்கொண்டு போட்டாவோ?" என்று கேட்டார். உண்மையிலேயே போயிருந்தார். செந்தில் அதை ஒரு குருவிக்கும் சொல்லியிருக்கவில்லை.

விண்ணப்பம் போட்ட இடத்துக்கெல்லாம் மாமி நேரில் போவார். வாசலில் பூங்கொத்தோடு நிற்கிறவர்களை விலக்கிக்கொண்டு நேரே சமையலறைக்கு நடப்பார். ஒரு நிறுவனம் வழுவழுப்பான தாளில் நாற்பது பக்க அறிக்கை அனுப்பியிருந்தது. தினமும் கூட்டம் அலைமோதுகிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். மாமி ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே விலையுயர்ந்த சீஸ் ஒரு கட்டி, இயக்குநரின் பெயர் ஒட்டிய சோடாப் போத்தல் ஆறு. கமிட்டியில் வந்து ஒரே வரியில் சொன்னார்: "இயக்குநர் நல்லாச் சாப்பிடுறார். வேற ஒருத்தரும் அங்க வாறேல்லை." நாற்பது பக்கமும் அந்த இடத்திலேயே செத்துப்போயின.

இன்னொரு இளைஞர் கழகம் மேசைப் பந்து மேசை கேட்டது. அங்கே ஃபிரிட்ஜில் மூன்று சோஸ் போத்தல்கள், சோஸ் ஊற்ற ஒன்றுமேயில்லை. "பிள்ளையள் பள்ளிக்கூடத்தால பசியோட வருகுதுகள். சோசை நக்கிப்போட்டு என்னெண்டு பந்து அடிக்கிறது?" என்று சண்டை பிடித்துச் சாப்பாட்டுக்கு ஒதுக்க வைத்தார். கழகத்துக்காரர்களுக்கு ஒரு வருடம் மாமியின் மேல் கோபம். பிள்ளைகளுக்கு இல்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் ஒருநாள் சோதனை வந்தது. நான் குடியிருப்பது இல்ஃபோர்டில். ஒரு காலத்தில் அங்கே யூதக் குடும்பங்கள் நிறைய இருந்தன. பிள்ளைகள் வடமேற்கு லண்டன் பக்கம் போய்விட்டார்கள். இருந்த கொஞ்ச முதியவர்களுக்காக, தொழுகைக்கூடத்தை ஒட்டிய மண்டபத்தில் கிழமைக்கு மூன்று நாள் மத்தியானச் சாப்பாடு போடுகிறார்கள். வருகிறவர்கள் பதினாலு பேர். 'தொகை குறைவு, உதவியை நிறுத்தலாம்' என்று அதிகாரிகள் கமிட்டிக்குப் பரிந்துரை எழுதினார்கள். அதைத் தட்டச்சு செய்தபோது மூன்று தரம் பிழை விட்டேன்.

ஏனென்றால் அந்தப் பதினாலு பேரில் ஒருவர் எங்கள் அடுத்த வீட்டு மொரிஸ். வயது தொண்ணூற்றொன்று, தனி ஆள். சமைக்கக் கை வராது. எங்கள் அடுப்பில் சமைத்ததை அவருடைய சமய முறைப்படி அவர் தொடவும் மாட்டார். என் மனைவி ஜெசிந்தாவுக்கு அது ஆறாத துக்கம். "மனுசன் மதிலுக்கு அங்கால பட்டினி கிடக்க, நான் இஞ்சால மீன் பொரிக்கிறன். இது பாவமெல்லோ?" என்று புலம்புவாள். வெட்டாத முழுப்பழம் என்றால் வாங்குவார். ஆகவே ஒன்பது வருடமாக நான் அவருக்கு வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அந்த மண்டபத்துச் சாப்பாடும் நின்றால் மனுசனின் வயிற்றுக்குச் சூடாக ஒன்றுமே இல்லை. எனக்கோ கமிட்டியில் வாய் திறக்க உரிமை இல்லை.

மாமி இல்ஃபோர்ட் மண்டபத்தைப் பார்க்கக் கிளம்பியபோது குறிப்பெடுக்க என்னையும் கூட்டிப்போனார். அங்கே இரண்டு ஃபிரிட்ஜ்கள். பாலுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று, அவர்கள் அதைக் கலக்கமாட்டார்கள். மாமி இரண்டையும் திறந்தார். துப்புரவு என்றால் அப்படியொரு துப்புரவு. ஒவ்வொரு பெட்டியிலும் திகதி எழுதி ஒட்டியிருந்தது.

"நல்ல ஃபிரிட்ஜ்" என்றார் மாமி. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். கதவைச் சாத்திவிட்டு, "நல்லா நடத்துகினம். அப்ப எங்கட உதவி இல்லாமலும் சமாளிப்பினம்" என்றார்.

மாதாவே! என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "சமைக்கிறவையின்ர ஃபிரிட்ஜைப் பாத்திட்டியள். சாப்பிடுறவையின்ரயைப் பாக்க வேணாமோ?"

மாமி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "உனக்கு ஆரையோ தெரியும்."

"ஓம். அடுத்த வீடு."

"நட."

மொரிஸ் வீட்டில் மாமி வணக்கம் சொன்னதும் ஃபிரிட்ஜைத் திறந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. உள்ளே கன்னங்கரேலென்று பதினொரு வாழைப்பழங்கள்.

"வாழைப்பழத்தை ஆர் ஐசே ஃபிரிட்ஜுக்குள்ள வைக்கிறது?"

மொரிஸ் என்னைக் கை காட்டினார். "இவன் விடுறான் இல்லை, கொண்டுவந்து கொண்டே இருக்கிறான். எறிய மனம் வரேல்லை. எனக்கு வாழைப்பழம் சின்ன வயசிலயிருந்தே பிடிக்காது."

ஒன்பது வருடம்! எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாமி சிரிக்கவில்லை. பழங்களுக்குப் பின்னால் இருந்த மூன்று பெட்டிகளை வெளியே எடுத்தார். மண்டபத்தில் கொடுத்த பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பாதி உருளைக்கிழங்கு, பாதிக் கோழித்துண்டு. சாப்பாடு இல்லாத நாட்களுக்காக மொரிஸ் ஒவ்வொன்றிலும் பாதியை மிச்சம் பிடித்து வைத்திருந்தார். கதவு திறந்தே கிடந்ததால் ஃபிரிட்ஜ் கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. மாமி மூன்று பெட்டிகளையும் திரும்ப உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

காரில் ஏறும்போது, "கூட்டத்தில உன்ர தொடர்பைச் சொல்லோணும். ஒளிக்கக்கூடாது" என்றார்.

எங்கள் கமிட்டியில் அப்படியொரு சட்டம் உண்டு. விண்ணப்பித்த இடத்தோடு யாருக்காவது தொடர்பு இருந்தால், அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும். இல்ஃபோர்ட் விடயம் வந்ததும் நான் பயந்து பயந்து கையைத் தூக்கினேன். "எனக்குத் தொடர்பு இருக்கு. அங்க சாப்பிடுறவர் எனக்கு அடுத்த வீடு." பதினொரு வருடத்தில் அந்த அறையில் என் குரல் கேட்டது அன்றைக்குத்தான்.

உடனே மாமி எழும்பினார். "அவன் போகோணுமெண்டால் நானும் போகோணும். அந்த மண்டபத்து ஆக்களுக்கு இருபது வருசம் நர்சா இருந்தனான்." வாசலில் நின்று திரும்பி, கமிட்டியில் இருந்த வழக்கறிஞரைப் பார்த்தார். "ஏன் ஐசே, உம்மட அம்மா கடைசியில அந்த மண்டபத்திலதானே சாப்பிட்டவ?" வழக்கறிஞர் ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தார். கமிட்டியில் இருந்த பல்வைத்தியருக்கு அங்கேதான் கலியாண விருந்து நடந்தது. இன்னொரு உறுப்பினரான பெண்மணியின் தகப்பன் அந்த மண்டபத்துக்கு அத்திவாரம் போட்டவர். மற்ற இரண்டு பேரும் மாமி வாயைத் திறக்க முன்னமே எழும்பிவிட்டார்கள். கடைசியாகத் தலைவர், தன்னுடைய பதின்மூன்றாம் வயதுச் சமயச் சடங்கு அங்கேதான் நடந்தது என்று ஒப்புக்கொண்டு தானும் வெளியே வந்தார்.

உள்ளே ஒரு தட்டு பிஸ்கட்டைத் தவிர ஒருவரும் இல்லை. எட்டுப் பேரும் நடைபாதையில் வரிசையாக நிற்கிறோம். அந்த வழியாக வந்த செந்தில் திகைத்துப்போய், "என்னண்ணே, ஃபயர் அலாரமா?" என்றார்.

"இல்லைத் தம்பி, நேர்மை" என்றேன்.

தலைவர் கைபேசியில் விதிகளைத் தேடிப் படித்தார். எல்லோருக்குமே தொடர்பு இருந்தால், அதைக் குறிப்பில் எழுதிவிட்டு எல்லோரும் திரும்பி உள்ளே போகலாமாம்.

"கொஞ்சம் நில்லுங்கோ" என்றார் மாமி. "பதினாலு பேர் குறைவெண்டு எழுதியிருக்கு. நீங்களும் உங்கட ஆக்களும் அந்தச் சட்டியில சாப்பிட்டிட்டு எழும்பிப் போயிட்டியள், அதுதான் குறைஞ்சது. போகாத ஒருத்தர் மூண்டு நாள் சாப்பாட்டை ஆறு நாளாச் சாப்பிடுறார்." பிறகு அந்த மூன்று பெட்டிகளைப் பற்றிச் சொன்னார். வழக்கறிஞர் கைக்குட்டையை எடுத்தார்.

உள்ளே போனபின் ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. உதவியை நிறுத்துவதில்லை, மூன்று நாளை ஐந்தாக்குவது, வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது. என் கையால் எழுதிய தீர்மானங்களில் எனக்கு ஆகப் பிடித்தது அதுதான். எழுதி முடித்து, படிக்கட்டுக்கு ஓடிப்போய், ஒருவரும் பார்க்காத இடத்தில் சிலுவை அடையாளம் போட்டேன். நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கியது.

வீட்டில் சொன்னதும் ஜெசிந்தா அழுதாள். பிறகு வாழைப்பழக் கதையைச் சொன்னேன். "ஒன்பது வருசமா அந்த மனுசனுக்குப் பிடிக்குமோ எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லையோ நீங்கள்?" என்று அரை மணித்தியாலம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை, சாப்பாடு வந்ததா என்று பார்க்க மொரிஸ் வீட்டுக்குப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே மொரிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே கோட்டைக்கூடக் கழற்றாமல் மாமி. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதன்பின் மாமி கார் ஓட்டமாட்டார். மாரி காலம். மூன்று மணி ஆகியிருந்தது. அவருடைய வீட்டுக்குப் போக ஒரு மணித்தியாலமாவது வேண்டும்.

"நேரம் போகுது, வெளிக்கிடேல்லையோ?" என்றேன்.

"தனிய விட்டால் இந்த மனுசன் பாதியை எடுத்து வைக்கும்" என்றார், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ரெண்டு துண்டு கிழங்கு இருக்கு. முடிக்கட்டும்."

மொரிஸ் முணுமுணுத்துக்கொண்டே ஒரு துண்டைக் குத்தி எடுத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, மாமியின் பக்கத்தில் இருந்தேன்.