இல்லாத ரோஸ்லினின் ரேஷன் கார்டு

நாட்டைத் திருத்தியே தீர்வது என்று மரியசெல்வம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவு செய்தார். அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை இல்லை என்பது ஒரு காரணம். மதுரையிலிருந்து வந்த கடிதம் இன்னொரு காரணம். உண்மையைச் சொல்வதென்றால் அதுதான் முழுக் காரணம்.

மரியசெல்வம் திண்டுக்கல்லில் ஒரு மதுரைத் தினசரிக்கு ஏஜெண்ட். விடிந்ததும் சைக்கிளில் வீடு வீடாகப் பேப்பர் போடுவார். அதே பத்திரிகைக்கு உள்ளூர் நிருபரும் அவரே. ஏஜெண்ட் வேலை வயிற்றுக்கு, நிருபர் வேலை மீசைக்கு. சைக்கிளில் தொங்கிய தகரத்தில் 'ஏஜெண்ட்' என்று விரல் அகலத்துக்கும் 'நிருபர்' என்று முழ நீளத்துக்கும் எழுதி வைத்திருந்தார். இப்போது பத்திரிகை ஆசிரியர் தம் கடிதத்தால் அந்த முழத்தில் கை வைத்துவிட்டார்.

'குஜிலியம்பாறையில் லேசான மழை, வடமதுரையில் மழை இல்லை என்பவையெல்லாம் செய்தி அல்ல. ஊரே பேசும்படி ஒரு செய்தி இந்த மாதத்துக்குள் வராவிட்டால் நிருபர் வேலைக்கு வேறு ஆள் பார்க்கப்படும்.'

அறுபத்தைந்தாம் வருஷம் அது. ஊரே பேசிக்கொண்டிருந்தது ரேஷனைப் பற்றித்தான். கள்ளக் கார்டுகள் ஏராளமாக உலவுகின்றன என்று பேச்சு. செத்துப்போனவர்கள் மாதம் தவறாமல் கோதுமை வாங்குவதாகக் கேள்வி. ஆனால் நிரூபிக்கத்தான் ஆளில்லை. மரியசெல்வம் திட்டம் போட்டார். இல்லாத ஒரு குடும்பத்துக்குக் கார்டு வாங்குவது, அந்தக் கார்டில் அரிசி வாங்குவது, வாங்கிய கதையை அப்படியே எழுதுவது. 'திண்டுக்கல்லில் மாயக் குடும்பம்!' என்று தலைப்பு முதலில் தயாராகிவிட்டது.

விண்ணப்பத்தில் முகவரிக்கு, பேகம்பூர் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு தோல் கிடங்கைப் போட்டார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினார். பொய்ப் பெயரில் கையெழுத்துப் போட்டால் கம்பி எண்ண வேண்டும். அதனால் சொந்தப் பெயரையே எழுதினார். ஒரே ஆளுக்கு இரண்டு கார்டு, செய்திக்கு இன்னும் காரம்! மனைவி என்ற இடத்தில் தயக்கமே இல்லை. 'ரோஸ்லின், வயது 23' என்று பேனா தானாக எழுதியது. கீழே நான்கு பிள்ளைகள். இருபத்து மூன்று வயதில் நான்கு பிள்ளைகளா என்று ரேஷன் ஆபீஸிலும் யாரும் கேட்கவில்லை. பத்தே நாளில் கார்டு கைக்கு வந்துவிட்டது.

அதைச் சட்டைப் பையில் வைத்தார். சட்டையை அழுக்குக் கூடையில் போட்டார். மகா மேதைகள் சறுக்குகிற இடம் இதுதான்.

"என்னங்க, செத்த இங்க வாங்க."

மனைவி செபாஸ்தியம்மாள் ஒரு கையில் சட்டையோடும் மறு கையில் கார்டோடும் நின்றாள்.

"யாருங்க இந்த ரோஸ்லின்?"

"அவ... அவ இல்ல புள்ள."

"எங்க போயிட்டா?"

"எங்கயும் போகல. அப்பிடி ஒருத்தியே கெடையாது. எல்லாம் செய்திக்காக!"

திட்டத்தை ஒரே மூச்சில் கொட்டினார். ஆசிரியர் கடிதத்தையும் எடுத்துக் காட்டினார். செபாஸ்தியம்மாள் அதை இரண்டு முறை படித்தாள்.

"நம்ம கார்டுல என் வயசு நாப்பத்தொண்ணுன்னு எழுதுனது யாரு?"

"நாந்தேன்."

"எனக்கு முப்பத்தேழு."

"ஒரு குத்துமதிப்பா..."

"அவளுக்கு மட்டும் கரெக்டா இருவத்து மூணு?"

"அவதான் இல்லவே இல்லையே!"

"இல்லாதவளுக்கே இம்புட்டுக் கரிசனம். இருந்திருந்தா?"

மரியசெல்வத்தின் உச்சந்தலை வேர்த்தது. நல்லவேளையாக அவளே பேச்சை மாற்றினாள்.

"சரி, அரிசி வாங்கப் போறது யாரு?"

"அதான் யோசிக்கிறேன். பேகம்பூர்க் கடை சடையாண்டிக்கு நான் தெனம் பேப்பர் போடுறேன். என்னையப் பாத்தா வெளங்கிரும்."

"கார்டைக் குடுங்க. நானே ரோஸ்லினாப் போயிட்டு வாரேன்."

கல்யாணச் சேலையைக் கட்டி, பூ வைத்து, கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு போனாள். ஒரு மணி நேரத்தில் அரிசியும் சர்க்கரையுமாகத் திரும்பி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"கடைக்காரர் கார்டையும் பாத்தாரு, என்னையும் பாத்தாரு. இருவத்து மூணுதானேன்னாரு. ஒரு சந்தேகங்கூடப் படலீங்க!"

மரியசெல்வம் விழுந்து விழுந்து சிரித்தார். "பாவம், சடையாண்டிக்குக் கண்ணு அம்புட்டு மோசமாயிருச்சா?"

வெளிச்சம் அணைந்தது. அவர் கவனிக்கவில்லை. நாட்டைத் திருத்துகிற அவசரம்.

"எழுது, எழுது!" என்றார். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. ஆகவே அவர் சொல்லச் சொல்ல எழுதுவது எப்போதும் செபாஸ்தியம்மாள்தான். "உயிரைத் துச்சமென மதித்து நமது நிருபர் மரியசெல்வம் தனியொருவராகப் புறப்பட்டு..."

"தனியொருவராவா? கடைக்குப் போனது நான்ல?"

"பொம்பளைங்க பேரெல்லாம் பேப்பர்ல எதுக்கு? நீ எழுது."

எழுதினாள். முகம் கோணாமல், ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் எழுதினாள். சுத்தப் பிரதி எடுத்து, உறையில் போட்டு ஒட்டி, தானே போய்த் தபாலில் சேர்த்துவிட்டும் வந்தாள். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று மரியசெல்வம் சர்க்கரைக் காப்பியை ருசித்துக் குடித்தார்.

நாலாம் நாள் காலையில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கியது. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கனம். கயிற்றை அறுத்தார். முதல் பக்கத்திலேயே, கட்டம் கட்டி!

'இல்லாத மனைவிக்கு ரேஷன் கார்டு! திண்டுக்கல் பத்திரிகை ஏஜெண்டின் லீலை. தனியொருத்தியாகப் போய் அம்பலப்படுத்தினார் உள்ள மனைவி.'

திண்டுக்கல்லில் அந்தப் பத்திரிகைக்கு ஏஜெண்ட் ஒரே ஒருவர்தான். மேலே படித்தார். அவர் சொன்ன வாக்கியம் ஒன்றுகூட அதில் இல்லை. இருபத்து மூன்று வயதும் நான்கு பிள்ளைகளும் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தன. கடைசியில், 'நமது நிருபர் செபாஸ்தியம்மாள்.'

கட்டுக்குள் ஒரு கடிதமும் இருந்தது.

'செய்தி பிரமாதம். இன்று முதல் திருமதி செபாஸ்தியம்மாளே நமது நிருபர். தாங்கள் ஏஜெண்டாக மட்டும் தொடரலாம். இன்றைய இதழ் இருநூறு பிரதிகள் அதிகமாக அனுப்பியுள்ளோம். தலைப்பைக் கூவி விற்கவும்.'

"ஏம்புள்ள, இது நியாயமா?" மரியசெல்வம் பேப்பரை அவள் முன்னால் நீட்டினார்.

"ஊரே பேசுற மாதிரி செய்தி வேணும்னு கேட்டாக. குடுத்தாச்சு. வாழ்த்துச் சொல்ல மாட்டீகளா?"

"நான் எந்த மூஞ்சியோட தெருவுல போவேன்? இதை நானே வேற கூவணுமா?"

செபாஸ்தியம்மாள் பேப்பர் கட்டைத் தூக்கி சைக்கிள் கேரியரில் வைத்து, இறுக்கிக் கட்டினாள்.

"பேகம்பூர்ப் பக்கம் மட்டும் கொஞ்சம் சத்தமாக் கூவுங்க. ரோஸ்லின் தங்கச்சி காதுல விழட்டும்."