சாம்ராஜைப் பார்த்துச் செய்

வேலைக்கு எத்தனை நொடி ஆகிறது என்று அளக்க வாட்ச்சோடு வந்த இன்ஜினியர் இன்றும் சாம்ராஜின் மேசைக்குப் பின்னால்தான் நின்றார். கிளமென்ட் வயரைச் செருகிக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஒரு மனிதன் வேலை செய்வதை இவ்வளவு நேரம் பார்க்க அதில் என்ன இருக்கிறது? சாம்ராஜோ ஒவ்வொரு வயரையும் கைக்குழந்தைக்குச் சட்டை போடுவதுபோலச் செருகிக்கொண்டிருந்தான்.

ஆந்திராவின் ஸ்ரீ சிட்டியில் கார்களுக்கு வயர்க்கட்டு செய்கிற கம்பெனி அது. எதிர்க் கம்பெனி விலையைக் குறைத்துவிட்டது. அதனால் இங்கே வயர்க்கட்டு நகர்ந்து வரும் நீள பெல்ட்டை எடுத்துவிட்டு, ஆட்களைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து உட்காரவைக்கப் போகிறார்கள். குழுவுக்கு ஒரு லீடர், லீடருக்கு நீலச் சட்டை. அந்தச் சட்டை தனக்கா, சாம்ராஜுக்கா என்பதுதான் கிளமென்ட்டின் கவலை. இருவருக்கும் ஊர் வடமாலபேட்டை, சபையும் ஒன்றே. அங்கேயும் காணிக்கைப் பை சாம்ராஜ் கையில்தான் போகிறது.

கிளமென்ட் செருகிய வயர்களுக்கு டேப் சுற்றுவது பக்கத்து நாற்காலியில் இருக்கும் அவன் மனைவி ஜெயகுமாரி. மாலையில் கம்பெனி பஸ்ஸில் அவள் அவன் பக்கமாகச் சாய்ந்தாள்.

"நாளைக்கு வாட்ச்காரரு நம்மகிட்ட வராராம். கொஞ்சம் சாம்ராஜ் அண்ணனப் பாத்து செய்யுங்க."

"அவனப் பாத்து நான் செய்யணுமா?"

"மெதுவா பேசுங்க. முன்னாடி சூப்பர்வைசர் இருக்காரு."

"இருக்கட்டும். நான் இன்னா கொறஞ்சிட்டேன்?"

"கொறையணும்னுதான் சொல்லிக்கினு இருக்கேன்."

கிளமென்ட் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புத்தூர் போயிற்று, வடமாலபேட்டை வந்தது. வீட்டில் அவள் மறுபடி ஆரம்பித்தாள்.

"அந்த வாட்ச் விஷயம்..."

"அவன் பேர எடுத்தா நான் துன்னமாட்டேன்."

அவள் எடுக்கவில்லை. அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். அப்படியே படுத்துக்கொண்டான். சாம்ராஜைப் போல் இல்லாமல் இருப்பது எப்படி என்று வெகுநேரம் யோசித்தான்.

மறுநாள் வாட்ச்சோடு இன்ஜினியர் கோவர்த்தனன் அவன் பின்னால் வந்து நின்றார். கிளமென்ட்டின் விரல்கள் பறந்தன.

"சூப்பர் அன்னா. இன்கோசாரி," என்றார் அவர்.

இன்னொரு முறை, இன்னும் வேகமாகச் செய்தான். மேசைக்கடியில் ஜெயகுமாரி அவன் காலை மிதித்தாள். இப்போதுதான் இவளுக்கும் பெருமை வந்திருக்கிறது என்று நினைத்து மேலும் வேகம் கூட்டினான். அவள் டேப் சுற்றிச் சமாளிக்க முடியாமல் வயர்கள் குவிந்தன. அந்தக் குவியலை சாம்ராஜ் எட்டிப் பார்த்தான். கிளமென்ட்டுக்கு அதுவே அவமானமாகிவிட்டது.

"டேப்ப குடு. நானே சுத்திக்கிறேன்."

"வேணாங்க. சொன்னா கேளுங்க."

"குடுன்றேன்."

பிடுங்கினான். செருகினான், சுற்றினான், எறிந்தான். ஜெயகுமாரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோவர்த்தனன் வாட்ச்சை நிறுத்தி அவனுக்குக் கை கொடுத்தார். தூரத்தில் சாம்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். கிளமென்ட் வாழ்க்கையில் பார்த்ததிலேயே இனிமையான காட்சி அது.

அடுத்த வாரம் பெல்ட் போயிருந்தது. ஜெயகுமாரியின் நாற்காலியும் போயிருந்தது.

"ரெண்டு வேலையும் நீயே செய்றியே, அப்புறம் எதுக்கு அது?" என்றார் சூப்பர்வைசர் நாகையா.

"அப்ப லீடர் நான்தான சார்?"

"ரெண்டு ஆள் வேலைய செய்றவன எப்டிப்பா எழுப்பறது? உன்ன எடுத்தா இங்க ரெண்டு பேரப் போடணும். சாம்ராஜ எடுத்தா ஒருத்தன் போதும். அதான் அவனுக்கு நீலச் சட்ட குடுத்துட்டோம்."

"எங்க வூட்டுக்காரி?"

"அவன் குழு ரொம்ப ஸ்லோ. ஆள் பத்தல. அங்கதான் போட்டிருக்கோம்."

காலை முழுவதும் அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒன்று சாம்ராஜுடையது. இன்னொன்று அவனுக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. திரும்பிப் பார்க்கலாம் என்றால் நேரமில்லை. செருகியதும் சுற்ற வேண்டும். சுற்றியதும் செருக வேண்டும்.

கேன்டீனில் தனியாக உட்கார்ந்தவனுக்கு எதிரே, டிரெய்னியாக வந்த பிரியங்கா தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்ணா அப்டி செஞ்சீங்க? ஜெயகுமாரி அக்கா உங்ககிட்ட சொல்லலியா?"

"இன்னாத்த?"

"வாட்ச்காரரு பின்னால நிக்கும்போது மெதுவா செய்யுங்க, இல்லன்னா பக்கத்து சீட்டு போயிடும்னு எங்க எல்லாருக்கும் அக்காதான் சொன்னாங்க, சாம்ராஜ் அண்ணன் ஒருத்தருக்குத்தான் மெதுவா செய்யவே வரல, பாவம், தெனம் சாப்பாட்டு டைம்ல, நீங்க கேன்டீன் போனப்புறம், அக்கா பக்கத்துல ஒக்காந்து அவருக்குப் பழக்கிக்கினு இருந்தாங்க."