தின்னாப் பொடி

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. அன்று மாலை திண்டுக்கல்லில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கிறிஸ்துராஜின் சமையலறையிலேயே இலக்கணம் அவமதிக்கப்பட்டது.

"ஏங்க, செத்த நேரம் இங்க வாங்க. போண்டா மாவு எம்புட்டுத் தண்ணி ஊத்துனாலும் குடிச்சுக்கிட்டே இருக்கு" என்றார் மனைவி இஞ்ஞாசியம்மாள்.

"இன்னும் ஊற்று."

ஊற்றினார். மாவு நனைந்ததாகவே தெரியவில்லை. தயிரைச் சேர்க்கச் சொன்னார் கிறிஸ்துராஜ், தயிரும் மறைந்தது. எண்ணெயில் போடச் சொன்னார். போண்டா உதிர்ந்து, வாணலியிலிருந்த எண்ணெயையும் குடித்தது.

"இது மாவா அக்கா, ஒட்டகமா?" என்றார் தேநீருக்கு வந்திருந்த அடுத்த வீட்டு மணிமேகலை.

கல்லூரியிலிருந்து திரும்பிய மகள் அனிஷா, வாணலியைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள்.

"ஐயோ அம்மா, அது என் பொடி!"

உமிச் சாம்பலிலிருந்து அவள் பிரித்தெடுத்த வெள்ளைப் பொடி அது. உடலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றின் அளவையும் உறிஞ்சும் திறனையும் காட்டி, அப்பொடி எந்த வகையைச் சேர்ந்தது என்று மறுநாள் ஆய்வுக் குழுவின்முன் அவள் நிறுவ வேண்டும். வேறு பொடி கிடையாது. வீட்டில் வைத்த டப்பாவில் எச்சரிக்கை எழுதி ஒட்டும் பொறுப்பைத் தந்தையே கேட்டு வாங்கியிருந்தார்.

கிறிஸ்துராஜ் கொதித்தார். "'தின்னாப் பொடி' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறேனே! 'தின்னா' என்றால் 'தின்றால்' என்று பொருள் கொண்டாயா? அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். தின்னாத பொடி! பின்னால் 'ப்' மிகுந்திருப்பது கண்ணில் படவில்லையா?"

"மெதுவாப் பேசுங்க சார், தெருவே கேக்குது" என்றார் மணிமேகலை.

"கேட்கட்டும்! தமிழாசிரியன் மனைவிக்கு ஒற்றே தெரியாதென்று ஊரும் சிரிக்கட்டும்!"

இஞ்ஞாசியம்மாள் தலைகுனிந்து அடுப்பை அணைத்தார்.

அனிஷா அலமாரியைத் திறந்தாள். சீட்டு ஒட்டிய டப்பாவில் வெள்ளைப் பொடி நிறைந்திருந்தது.

"அப்பா, இங்க அப்படியே இருக்கு!"

ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து நீர்த்துளி விட்டாள். துளைப்பொடியாயின் நீரை இழுத்துக்கொண்டு உலர்ந்தே கிடக்கும். இது பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது.

"அப்பா... இது மைதா."

கிறிஸ்துராஜ் போய்த் தெருவைப் பார்த்த சன்னலைச் சாத்தினார்.

"திங்கக் கூடாத பொடின்னு எழுதியிருந்துச்சு" என்றார் இஞ்ஞாசியம்மாள். "அதான் அதத் தொடாம, பக்கத்துல சீட்டு இல்லாத டப்பாவுல எடுத்தேன்."

வாசகர்களே, அங்கே 'ப்' மிகுந்தது சரியா, தவறா? அதற்கு மட்டும் விடை சொல்லுங்கள்.