கீரி ஆர்டர் கொடுத்த கோல்

ஒரு காட்டில், சிக்னல் கிடைக்கும் ஒரே ஆலமரத்தின் கீழ், ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை இருந்தது. காட்டுக்குள் பில்லியர்ட்ஸ் மேஜை எப்படி வந்தது என்று கேட்கும் அறிவாளிகள், இத்தனை காலமும் நரி பேசியபோது மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். இப்போதும் அப்படியே இருக்கலாம்.

மேஜை சிங்கராஜாவுடையது. விதி எளியது. கோலால் வெள்ளைப் பந்தை இடித்து மற்ற பந்துகளைக் குழிகளில் தள்ள வேண்டும். கடைசியாகக் கறுப்புப் பந்தைத் தள்ளியவர் வென்றார். தொடர்ந்து மூன்று முறை தோற்றவரின் பெயர் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, மதிய உணவுப் பட்டியலில் சேர்க்கப்படும்.

கீரி இரண்டு முறை தோற்றிருந்தது. இரண்டும் கொக்கிடம். மூன்றாவது ஆட்டமும் கொக்கோடுதான், அதுவும் துவாதசி காலையில். முந்தின நாள் ஏகாதசி. சிங்கராஜா தண்ணீர்கூடத் தொடமாட்டார்.

"உன் ஆட்டத்துல ஒரு குறையும் இல்ல மாப்ள," என்றது அதன் நண்பன் உடும்பு. "ஆட்டமே இல்ல, அவ்வளவுதான்."

"கோல் சரியில்லடா."

இருவரும் கிளி வைத்திருந்த கடைக்குப் போனார்கள்.

"கம்பெனி கோல் சார், கம்பெனி கோல். கரடி சார் வாங்கினதும் இதான், அணில் சார் வாங்கினதும் இதான். மெஷின்ல வர்றது சார், மெஷின்ல வர்றது. ஒரே நீளம், ஒரே எடை."

"கொக்கு எதுல ஆடுது?"

"இதேதான் சார், இதேதான்."

"அப்ப இதையே வாங்கிடு," என்றது உடும்பு. "எனக்கெல்லாம் எதைப் பிடிச்சாலும் பிடிதான்."

கீரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "கொக்கும் நானும் ஒண்ணா? என் கைக்குன்னு ஒரு கோல் வேணும்."

ஆர்டரின் பேரில் கோல் செய்து தருவது மரங்கொத்தி. அது தலையை நிமிர்த்தாமலே ஒரு படிவத்தை நீட்டியது.

'விண்ணப்பதாரர் பிடிப்பது: கை / கால் / அலகு / தும்பிக்கை. தேவையற்றதை அடிக்கவும்.'

கீரி உடும்பைப் பார்த்தது. உடும்பு இரண்டடி தள்ளி நின்றுகொண்டது.

'நுனி எப்படி?' என்று அடுத்த கேள்வி. 'கூராக' என்று எழுதியது கீரி. அதற்கடுத்து, 'அடி எப்படி?'

கோலின் பருத்த பின்பகுதிக்குத்தான் அடி என்று பெயர். இது மரங்கொத்திக்குத் தெரியும். கீரிக்கு வாழ்க்கையில் தெரிந்த அடி ஒன்றுதான். அழகான கையெழுத்தில் எழுதியது:

'அடி பலமாக இருக்க வேண்டும். மேஜையே ஆட வேண்டும். கொக்குக்குப் பேச்சு வரக்கூடாது.'

மரங்கொத்தி படித்தது. கீரியின் உருவத்தை ஒருமுறை பார்த்தது. வாடிக்கையாளரைக் கேள்வி கேட்பது அதன் வழக்கமில்லை.

துவாதசி காலை இரண்டு காட்டெருமைகள் கோலைச் சுமந்து வந்தன. நுனி தென்னை ஈர்க்கு மாதிரி. அடி முழுக் கருங்காலி, உள்ளே ஈயம்.

"என்ன மாப்ள, கோல் கேட்டியா, கோயில் தேருக்கு அச்சு கேட்டியா?" என்றது உடும்பு.

சிங்கராஜாவின் வயிறு உறுமியது. ஆட்டம் தொடங்கியது என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

கொக்கு ஒற்றைக் காலில் நின்று ஒன்பது பந்துகளைப் போட்டது. பத்தாவதைக் குறி வைத்தபோது குளத்தில் ஒரு மீன் துள்ளியது. கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. பந்து தப்பியது.

கீரி தள்ள, உடும்பு தாங்க, கோல் ஒருவழியாக மேஜை விளிம்புக்கு ஏறியது. நுனி வெள்ளைப் பந்தைத் தொட்டது. அந்த நேரம் பார்த்து உடும்புக்கு, பரம்பரையிலேயே முதல் தடவையாக, பிடி நழுவியது.

அடி விழுந்தது.

மேஜையின் ஒரு கால் மண்ணுக்குள் இறங்கியது. கோலுக்கு அடியில் மாட்டிய வெள்ளைப் பந்தைத் தவிர, மிச்சமிருந்த எல்லாப் பந்துகளும் சரிந்து மூலைக் குழிக்குள் வரிசையில் போயின. தூரத்தில் கிடந்த கறுப்பு, ரேஷன் கடைக்குத் தாமதமாக வந்தவர் போல, கடைசியாகப் போனது.

"ராஜா, இது ஆட்டமா?" என்றது கொக்கு.

"கோல் வெள்ளைப் பந்தைத் தொட்டதா?"

"தொட்டது."

"கறுப்பு கடைசியா விழுந்ததா?"

"விழுந்தது. ஆனா..."

"கீரி வென்றது. இனி சாப்பாடு," என்று சிங்கராஜா கொக்கைப் பார்த்தார்.

"நான் தோத்தது ஒரு தடவைதானே ராஜா?"

சிங்கராஜா பொறுமையாக விளக்கினார். "பாரப்பா. மேஜையைச் சாய்ச்சு ஜெயிக்கிற கீரி காட்டுக்கே ஒண்ணுதான். ஆர்டர் பண்ணினாலும் இன்னொண்ணு கிடைக்காது. கொக்கு அப்படியில்ல. ஏரியில நாற்பது நிக்குது. ஒரே நீளம், ஒரே எடை."

கொக்குக்குப் பேச்சு வரவில்லை. மரங்கொத்தி படிவத்தை எடுத்து, கடைசி வரிக்கு எதிரே ஒரு டிக் போட்டது.

நீதி: எந்தப் படிவத்தையும் புரிந்துகொள்ளாமல் நிரப்புக. நன்றாக ஆடப் பழகாதீர்கள். அந்த வேலைக்கு ஏரியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.